காமாலையின் மூலம் நாடல்: பித்தப்பை, பித்தநாள நோய்களைக் கண்டறிதலும் சிகிச்சையும்

ஆய்வுச் சுருக்கம்

கண்ணும் தோலும் மஞ்சளாகத் தோன்றும் நிலையைத் தமிழ் வழக்கு ‘மஞ்சள் காமாலை’ என்னும் ஒரே பெயரால் சுட்டுகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் நோயும் ஒன்றே என்னும் எண்ணமும், அதற்கு மருந்தும் ஒன்றே என்னும் முடிவும் தோன்றுகின்றன. உண்மையில் காமாலை தனி நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறியாகும். அவற்றுள் பித்தநாள அடைப்பால் வரும் காமாலை, அடைப்பை நீக்கினாலன்றித் தீராதது. காலந்தாழ்ந்தால் உயிருக்கு ஊறு விளைவிப்பது. பித்தப்பை, பித்தநாள நோய்கள் எவ்வாறு கண்டறியப்படுகின்றன, எவ்வாறு சிகிச்சையளிக்கப்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ‘அடைப்பு உண்டா, இல்லையா’ என்னும் வினாவே சிகிச்சையின் முதற்படி என்பதும், அவ்வினாவைத் தமிழ்க் கலைச்சொற்கள் வெளிப்படுத்த வேண்டும் என்பதும் இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பித்தம், பித்தநீர், பித்தப்பைக் கல், அடைப்புக் காமாலை, பித்தநாளத் தொற்று, அறிவியல் தமிழ், கலைச்சொல்.

முன்னுரை

நோய் இன்னதென ஆராய்தல், அதன் காரணத்தை ஆராய்தல், பின்னர்த் தணிக்கும் வழியை நாடுதல் என்னும் வரிசையைத் திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ வலியுறுத்துகிறது. இவ்வரிசை பிறழும்போது நேரும் இழப்பைப் பித்தப்பை, பித்தநாள நோய்களில் தெளிவாகக் காணலாம். காமாலை கண்டவுடன் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பதும், உப்பும் எண்ணெயும் நீக்கிப் பத்தியம் காப்பதும் தமிழகத்தில் பரவலான வழக்கங்கள். இங்குச் சிகிச்சை முதலில் வருகிறது. காரணத்தை அறியும் முயற்சி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. நாட்டு மருந்து நல்லதா, தீயதா என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எந்த மருந்தாயினும் அது எந்தக் காரணத்தை நோக்கிக் கொடுக்கப்படுகிறது என்ற தெளிவு வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

1. பித்தமும் பித்தநீரும்

சித்த மருத்துவம் வளி, அழல், ஐயம் என்னும் மூன்றன் சமநிலையாக உடல்நலத்தைக் காண்கிறது. வாதம், பித்தம், கபம் என வழங்குவனவும் இவையே. இக்கோட்பாட்டில் பித்தம் என்பது வெப்பம், செரிமானம், நிறம் முதலிய செயல்களை ஆளும் ஓர் உயிர்த்தத்துவம். ஓர் உறுப்பில் சுரக்கும் நீர்மம் மட்டுமன்று. இக்கோட்பாட்டின் சாயல் அன்றாட வழக்கிலும் படிந்துள்ளது. தலைச்சுற்றலைப் பித்தக் கிறுகிறுப்பு என்கிறோம்; குதிகால் வெடிப்பைப் பித்தவெடிப்பு என்கிறோம்; இளநரைக்கும் பித்தமே காரணம் என்கிறோம். மனம் பேதலித்த நிலையைக் குறிக்கும் ‘பித்து’, ‘பித்தன்’ என்னும் சொற்களும் இவ்வட்டத்தைச் சார்ந்தவையே.

நவீன மருத்துவம் தமிழுக்கு வந்தபோது கல்லீரலில் சுரக்கும் மஞ்சள்பச்சை நிற நீர்மத்தைக் குறிக்க இதே சொல் எடுத்தாளப்பட்டது. பித்தநீர், பித்தப்பை, பித்தநாளம் என்னும் தொடர்கள் அவ்வாறு அமைந்தன. இவை பொருத்தமான ஆக்கங்களே. எனினும் ஒரே வேர்ச்சொல் இரண்டு அறிவுமரபுகளில் இரண்டு பொருள்களைச் சுமக்கிறது. ‘உடலில் பித்தம் மிகுந்துள்ளது’ என்பதும், ‘பித்தநாளத்தில் பித்தநீர் தேங்கியுள்ளது’ என்பதும் வேறு வேறு கூற்றுகள். முதலாவது உடலின் பொதுநிலை பற்றியது. இரண்டாவது சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாயில் நிகழ்ந்த இடர்ப்பாடு பற்றியது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே பின்வருவனவற்றை அணுக வேண்டும்.

2. பித்தநீரின் பாதை

கல்லீரல் நாள்தோறும் ஏறத்தாழ 500 முதல் 1,000 மில்லிலிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. நீர், பித்த உப்புகள், கொலஸ்ட்ரால், பாஸ்போலிப்பிடு, பிலிருபின் என்னும் நிறமி ஆகியவை இதன் முதன்மைக் கூறுகள். கல்லீரலின் வலப்பகுதியிலிருந்தும் இடப்பகுதியிலிருந்தும் வரும் இரு நாளங்கள் இணைந்து பொதுக் கல்லீரல் நாளமாகின்றன. அதனுடன் பித்தப்பையின் நாளம் சேர்ந்தபின் அது பொதுப் பித்தநாளம் எனப்படுகிறது. பொதுப் பித்தநாளம் கணையத்தின் தலைப்பகுதியை ஒட்டி இறங்கி, கணைய நாளத்தோடு சேர்ந்து முன்சிறுகுடலில் திறக்கிறது. அவ்வாயிலில் ஒரு சுருக்குத்தசை காவலாக அமைந்துள்ளது. இத்தாலிய அறிஞர் ருக்கேரோ ஓடி 1887இல் இதனை விரித்துரைத்தமையால் இது அவர் பெயராலேயே வழங்குகிறது.

பித்தப்பை பித்தநீரைச் சுரப்பதில்லை, சேமித்துச் செறிவூட்டுகிறது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிலிட்டர். கொழுப்புள்ள உணவு முன்சிறுகுடலை அடையும்போது அங்குச் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் என்னும் இயக்குநீர் பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது; சுருக்குத்தசையைத் தளர்த்துகிறது. பித்தநீர் குடலில் இறங்கிக் கொழுப்பைச் சிறு துளிகளாகச் சிதறடித்துச் செரிமானத்திற்கு உதவுகிறது. ஏ, டி, ஈ, கே ஆகிய உயிர்ச்சத்துகள் உட்கொள்ளப்படுவதற்கும் பித்தநீர் இன்றியமையாதது.

இவ்வமைப்பிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, பித்தப்பையை நீக்கினாலும் கல்லீரல் தொடர்ந்து பித்தநீரைச் சுரக்கும். அது நேரே குடலை அடையும். மற்றொன்று, பொதுப் பித்தநாளம் அடைபட்டால் பித்தநீர் வெளியேற வேறு வழியில்லை. அது பின்னோக்கித் தேங்கிக் குருதியில் கலக்கும். பித்தப்பையின் நோய்களுக்கும் பித்தநாளத்தின் நோய்களுக்கும் இடையிலுள்ள அவசர வேறுபாடு இதில் அடங்கியுள்ளது.

3. காமாலையின் மூவகை

ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து சிதையும் குருதிச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினிலிருந்து பிலிருபின் உண்டாகிறது. தொடக்கத்தில் நீரில் கரையாத இந்நிறமியைக் கல்லீரல் ஏற்று, நீரில் கரையும் வடிவத்திற்கு மாற்றி, பித்தநீரோடு வெளியேற்றுகிறது. குடலில் அது நுண்ணுயிரிகளால் மேலும் மாற்றமடைந்து மலத்திற்குப் பழுப்பு நிறம் தருகிறது. குருதியில் இதன் அளவு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. 2.5 முதல் 3 மில்லிகிராமைக் கடக்கும்போது கண்ணின் வெண்பகுதியில் மஞ்சள் புலப்படத் தொடங்குகிறது. ‘காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்’ என்னும் பழமொழி இந்நோய்க்குறியைக் கண்ணோடு சேர்த்தே பேசுவதும், மருத்துவர் முதலில் கண்ணை நோக்குவதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கன.

இப்பாதையில் இடர் நேரும் இடத்தைக் கொண்டு காமாலையை மூவகைப்படுத்தலாம்.

அ) குருதிச்சிதைவுக் காமாலை: சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைவதால் வருவது. உருவாகும் நிறமி கல்லீரலின் ஏற்கும் ஆற்றலை மிஞ்சுகிறது.

ஆ) கல்லீரல் காமாலை: வைரசுத் தொற்று, மது, சில மருந்துகள், நச்சுகள் ஆகியவற்றால் கல்லீரல் அணுக்கள் பழுதடைவதால் வருவது.

இ) அடைப்புக் காமாலை: கல்லீரல் தன் பணியைச் செய்தும், பித்தநீர் குடலை அடையும் வழி மறிக்கப்படுவதால் வருவது. கல், புற்றுநோய், நாளச் சுருக்கம், பிறவிக் குறை, குடற்புழு ஆகியன இதன் காரணங்கள். பித்தநாளத்தில் உருண்டைப்புழு நுழைந்து அடைத்த நேர்வுகள் காஷ்மீரில் மிகுதியாகப் பதிவாகியுள்ளன.

மூன்றாம் வகைக்குத் தனி அடையாளங்கள் உண்டு. நிறமி குடலை அடையாமையால் மலம் வெளிறிக் களிமண் நிறம் பெறும். நீரில் கரையும் நிறமி சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர் கடுந்தேநீர் நிறமாகும். உடலெங்கும் அரிப்பு உண்டாகும். மலத்தின் நிறத்தைக் கேட்டறிதல் எவ்விதக் கருவியும் வேண்டாத கண்டறிமுறையாகும். ஆயினும் கூச்சத்தால் பலர் இதனைச் சொல்வதில்லை, கேட்பதற்கும் தயங்குகின்றனர்.

4. கண்டறியும் முறைகள்

4.1 நோயாளியின் கூற்றும் உடற்பரிசோதனையும்

பித்தப்பைக் கல்லால் வரும் வலி பெரும்பாலும் மேல்வயிற்றின் நடுவிலோ வலப்புறத்திலோ எழும். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின்னரோ இரவிலோ தோன்றி, அரைமணி முதல் சில மணிநேரம் வரை நீடித்துத் தணியும். வலத் தோட்பட்டைக்கும் பரவலாம். இதனை ‘வாயுப்பிடிப்பு’ எனக் கொண்டு பெருங்காயம், ஓமநீர் ஆகியவற்றோடு காலங்கழிப்பது உண்டு. மாரடைப்பின் வலியும் சிலருக்கு மேல்வயிற்றில் தோன்றும் என்பதால் நடுவயதினருக்கு இதயமின் வரைபடமும் எடுத்துப் பார்ப்பது மரபு.

வலி சில மணிநேரத்தில் தணியாமல் காய்ச்சலும் சேர்ந்தால் பித்தப்பை அழற்சியை ஐயுற வேண்டும். வலப்புற விலாவின் கீழ் விரல்களை அழுத்தி மூச்சை உள்ளிழுக்கச் சொன்னால், வலியால் நோயாளி பாதியிலேயே மூச்சை நிறுத்துவார். அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் பெஞ்சமின் மர்ஃபியின் பெயரால் இவ்வறிகுறி வழங்குகிறது.

குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், வலப்புற மேல்வயிற்று வலி, காமாலை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால் அது பித்தநாளத் தொற்றின் அடையாளம். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877இல் இம்மூன்றையும் இணைத்துரைத்தார். இவற்றோடு மனக்குழப்பமும் குருதியழுத்த வீழ்ச்சியும் சேர்ந்தால் நிலைமை மிகக் கடுமையானது என்பதை 1959இல் ரேனால்ட்ஸும் அவர்தம் உடனாய்வாளரும் எடுத்துக்காட்டினர். இதற்கு மாறாக, வலியில்லாமல் நாளுக்குநாள் பெருகும் காமாலையோடு பித்தப்பையும் வீங்கிக் கைக்குத் தட்டுப்பட்டால், கல்லைவிடக் கணையத் தலை அல்லது பித்தநாள முனைப் புற்றுநோயையே முதலில் ஐயுற வேண்டும். சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே 1890இல் வெளியிட்ட கூர்நோக்கிலிருந்து இக்கருத்து உருப்பெற்றது. வலியின்மை பலருக்கு ஆறுதலாகத் தோன்றுகிறது. மருத்துவ நோக்கில் அதுவே எச்சரிக்கையாகும்.

4.2 குருதிப் பரிசோதனை

மொத்தப் பிலிருபின் அளவு காமாலையின் கடுமையைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது. நேரடிப் பிலிருபின், மறைமுகப் பிலிருபின் எனப் பிரித்தறிதல் வேண்டும். நேரடி வகையோடு ஆல்கலைன் பாஸ்படேஸ், காமா ஜி.டி. ஆகிய நொதிகளும் மிகுந்திருப்பின் அடைப்பின் பக்கம் ஐயம் சாய்கிறது. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகியவை பன்மடங்கு உயர்ந்திருப்பின் கல்லீரல் அழற்சியின் பக்கம் சாய்கிறது. கல் திடீரென நாளத்தை அடைக்கும்போது பின்னவையும் தொடக்கத்தில் உயரக்கூடும் என்பதால் குருதி முடிவை மட்டும் கொண்டு தீர்மானித்தல் இயலாது.

குருதி உறையும் நேரத்தையும் அளக்க வேண்டும். பித்தநீர் குடலை அடையாதபோது உயிர்ச்சத்து கே உட்கொள்ளப்படுவது குன்றி, குருதி உறைதல் தாமதமாகிறது. உயிர்ச்சத்து கே ஊசி செலுத்தியபின் உறையும் நேரம் சீரானால் கல்லீரல் அணுக்களின் ஆற்றல் எஞ்சியுள்ளது எனக் கொள்ளலாம். சீராகாவிடின் கல்லீரலே பழுதுற்றிருக்க வாய்ப்புண்டு.

4.3 படிமப் பரிசோதனைகள்

முதற்பரிசோதனை வயிற்றின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கதிர்வீச்சு இல்லாதது, செலவு குறைந்தது, வட்டாரத் தலைநகரங்களிலும் கிடைப்பது. பித்தப்பையினுள் உள்ள கற்களை 100க்கு 95க்கும் மேற்பட்ட நேர்வுகளில் இது காட்டிவிடும். பித்தப்பைச் சுவரின் தடிப்பு, சுற்றிலும் நீர் கோத்தல் ஆகியவற்றையும் காட்டும். பொதுப் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியைக் குடல்வாயு மறைப்பதால் அங்குள்ள கற்களைக் காண்பதில் மட்டும் இது பின்தங்குகிறது. ஆயினும் நாளம் விரிந்துள்ளதா என்பதை இது சொல்லும். பித்தப்பை உள்ள பெரியவர்க்குப் பொதுப் பித்தநாளத்தின் அகலம் பொதுவாக 6 மில்லிமீட்டருக்கு உட்பட்டது. அதனைக் கடந்து விரிந்திருத்தல் கீழே தடை இருப்பதைக் குறிக்கலாம். ‘அடைப்பு உண்டா’ என்னும் வினாவுக்கு முதல் விடை இவ்வாறு சில நிமிடங்களில் கிடைத்துவிடுகிறது.

அடைப்பு எங்கே, எதனால் என்பதை அறிய எம்.ஆர்.சி.பி. பயன்படுகிறது. காந்தப்புலத்தின் துணையால் நாளங்களில் தேங்கிய நீர்மத்தையே ஒளிரும் படமாக்கும் இம்முறை 1990களில் பரவியது. சிறுகற்களைக் காண்பதில் எண்டோஸ்கோப்பியின் முனையில் பொருத்திய அல்ட்ராசவுண்ட் கருவி மேலும் நுட்பமானது. புற்றுநோய் ஐயமிருப்பின் சி.டி. ஸ்கேன் அதன் பரவலைக் காட்டும்.

ஈ.ஆர்.சி.பி. என்பது வாய்வழியாக எண்டோஸ்கோப்பியைச் செலுத்தி, நாளத்தின் வாயிலை அடைந்து, சாயமருந்து ஏற்றி எக்ஸ்ரேயில் காணும் முறை. இது 1968இல் அமெரிக்காவில் முதன்முதல் செய்யப்பட்டது. இதனால் 100 பேரில் ஏறத்தாழ 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி நேரக்கூடும் என்பதால், இன்று வெறும் கண்டறிதலுக்காக இது செய்யப்படுவதில்லை. சிகிச்சை தேவைப்படும் என்று உறுதியானபின் சிகிச்சைக் கருவியாகவே பயன்படுகிறது.

5. நோய்களும் சிகிச்சையும்

5.1 பித்தப்பைக் கல்

பித்தநீரின் கூறுகளிடையே சமநிலை குலையும்போது கற்கள் உருவாகின்றன. கொலஸ்ட்ரால் கற்கள், நிறமிக் கற்கள், கலப்புக் கற்கள் என அவை பிரிக்கப்படும். மேலைநாடுகளிலும் வட இந்தியாவிலும் கொலஸ்ட்ரால் மிகுந்த கற்கள் பெரும்பான்மை. தென்னிந்தியாவில் நிறமிக் கற்கள் கணிசமாகக் காணப்படுகின்றன.

வேறு காரணத்திற்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவரும் கற்கள் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. ஆண்டுக்கு 100இல் ஏறத்தாழ ஒருவர் முதல் நால்வருக்கே அவை வலியைத் தோற்றுவிக்கின்றன. ஆகவே அறிகுறியற்ற கற்களுக்குப் பொதுவாக அறுவை சிகிச்சை தேவையில்லை. 3 சென்டிமீட்டரை மிஞ்சிய கல், பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்புப் படிவு, 10 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட சதைத்திரட்சி ஆகிய நிலைகளில் புற்றுநோய் வாய்ப்பைக் கருதி விதிவிலக்காக அறுவை பரிந்துரைக்கப்படலாம்.

வலி தோன்றிய கல்லுக்குத் தீர்வு பித்தப்பையை நீக்குதலே. ‘கல்லை மட்டும் எடுத்தால் போதாதா’ என்பது நோயாளிகள் கேட்கும் முதல் வினா. பெர்லினில் 1882ஆம் ஆண்டு ஜூலை 15இல் முதன்முதல் பித்தப்பையை நீக்கிய கார்ல் லாங்கன்புக் இதற்கு விடை கூறியுள்ளார். கல் இருப்பதற்காகப் பை நீக்கப்படுவதில்லை. கல்லை உருவாக்குவதாலேயே நீக்கப்படுகிறது என்பது அவர்தம் வாதம். 1985இல் ஜெர்மனியின் எரிக் மூஹே லேப்ராஸ்கோப்பி முறையில் இதனைச் செய்தார். தொடக்கத்தில் ஐயத்தோடு நோக்கப்பட்ட அம்முறையே இன்று வழக்கமாகிவிட்டது. பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றனர்.

இவ்வறுவையின் முதன்மை இடர், பித்தப்பை நாளமெனக் கருதிப் பொதுப் பித்தநாளத்தையே வெட்டிவிடுதல். 1,000 அறுவைகளில் ஏறத்தாழ 3 முதல் 6 வரை பித்தநாளக் காயம் நேர்வதாகக் கணிக்கப்படுகிறது. இதனைத் தவிர்க்க, பித்தப்பைக்குள் செல்லும் இரு அமைப்புகளை மட்டும் ஐயமறக் கண்டபின்னரே வெட்ட வேண்டும் என்னும் நெறியை 1995இல் ஸ்ட்ராஸ்பெர்க்கும் அவர்தம் குழுவினரும் வகுத்தனர். பித்தப்பை இருப்பிடத்தை அழற்சி மறைத்திருப்பின், லேப்ராஸ்கோப்பியிலிருந்து திறந்த அறுவைக்கு மாறுவது தோல்வியன்று, காப்புநடவடிக்கையாகும்.

அறுவை வேண்டாதோர்க்கு அர்சோடீஆக்சிகோலிக் அமிலம் என்னும் மாத்திரை உண்டு. இது சிறிய கொலஸ்ட்ரால் கற்களை மட்டும், பித்தப்பை இயங்கும் நிலையில், பல மாதங்களில் கரைக்கவல்லது. மருந்தை நிறுத்தியபின் சில ஆண்டுகளில் பலருக்குக் கல் மீண்டும் வருகிறது. நிறமிக் கற்களை இது கரைப்பதில்லை.

சிறுநீரகக் கல்லுக்குரிய வாழைத்தண்டுச் சாற்றைப் பித்தப்பைக் கல்லுக்கும் அருந்துவோர் உளர். பித்தப்பை சிறுநீர்ப் பாதையில் இல்லை. அங்குள்ள கல் சிறுநீரோடு வெளியேறாது. ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை அருந்தினால் மலத்தில் பச்சைநிறக் கற்கள் வெளிவரும் என்னும் செய்தியும் பரவலாக உலவுகிறது. வேதிப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தப்பட்டபோது அவ்வுருண்டைகள் குடலில் எண்ணெயும் சாறும் சேர்ந்து உருவான சோப்புத்தன்மையுள்ள திரள்கள் என்பது தெரியவந்தது.

5.2 பித்தப்பை அழற்சி

பித்தப்பையின் வாயிலில் கல் சிக்கிக்கொள்ளும்போது அழற்சி உண்டாகிறது. சிரைவழி நீர்மம், வலிநீக்கி, நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவை உடனடிச் சிகிச்சை. முற்காலத்தில் ஆறு வாரம் காத்திருந்து அறுவை செய்தல் வழக்கமாயிருந்தது. அறுவைக்குத் தாங்கும் உடல்நிலை உள்ளோர்க்கு, அறிகுறி தொடங்கிய சில நாட்களுக்குள்ளேயே பித்தப்பையை நீக்குதல் நன்று என்பதே இன்றைய நிலைப்பாடு. 2007இல் முதலில் வெளிவந்து 2013, 2018ஆம் ஆண்டுகளில் திருத்தப்பெற்ற டோக்கியோ வழிகாட்டு நெறிகள் நோயின் கடுமையை மூன்று படிகளாகப் பகுத்து முடிவெடுக்க உதவுகின்றன. அறுவையைத் தாங்கவியலாத முதியோர்க்குத் தோல்வழியாகக் குழாய் செலுத்திப் பித்தப்பையிலுள்ள சீழை வடித்தல் இடைக்காலத் தீர்வாகும்.

5.3 பித்தநாளக் கல்லும் தொற்றும்

பித்தப்பையிலிருந்து நழுவிய கல் பொதுப் பித்தநாளத்தில் தங்கினால் காமாலை, கணைய அழற்சி, நாளத் தொற்று ஆகிய மூன்றும் நேரலாம். இவற்றுள் நாளத் தொற்று அவசர நிலை. அடைபட்ட நாளத்தினுள் அழுத்தம் மிகுந்து, நுண்ணுயிரிகள் குருதியில் கலக்கின்றன. அழுத்தம் தணியாதவரை மருந்து போதிய அளவில் பித்தநீரை அடைவதில்லை. எனவே நுண்ணுயிர்க்கொல்லியோடு வடிகாலும் வேண்டும். ஈ.ஆர்.சி.பி. வழியே சுருக்குத்தசையை வெட்டி வாயிலை அகலப்படுத்துவர். இது 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தனித்தனியே அறிமுகமானது. பின்னர்க் கல்லை வலைக்கூடை அல்லது பலூன் கொண்டு எடுப்பர். கல்லை உடனே எடுக்கவியலாவிடின் ஸ்டென்ட் எனப்படும் சிறுகுழாயைப் பொருத்திப் பித்தநீர் வடிய வழிசெய்வர். பிளாஸ்டிக் ஸ்டென்டை ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குள் மாற்றவோ அகற்றவோ வேண்டும். மறந்துவிட்டால் அதுவே அடைபட்டு மீண்டும் தொற்றை உண்டாக்கும். நாளக்கல்லை எடுத்தபின் பித்தப்பையையும் நீக்கினாலன்றிப் புதிய கல் நழுவுவதைத் தடுக்கவியலாது.

5.4 புற்றுநோய்

பித்தப்பைப் புற்றுநோய் கங்கைச் சமவெளியை ஒட்டிய வட மாநிலங்களில் மிகுதியாகவும் தென்னிந்தியாவில் குறைவாகவும் காணப்படுகிறது. தொடக்கத்தில் அறிகுறி தராமையால் இது பெரும்பாலும் முற்றிய நிலையிலேயே தெரியவருகிறது. கல்லுக்காக நீக்கிய பித்தப்பையில் தற்செயலாகக் கண்டறியப்படுவதும் உண்டு. ஆதலின் நீக்கிய ஒவ்வொரு பித்தப்பையையும் திசுப்பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். பித்தநாளப் புற்றுநோயும் கணையத் தலைப் புற்றுநோயும் வலியற்ற காமாலையாக வெளிப்படுகின்றன. பரவாத நிலையில் அறுவையே குணமளிக்கும் வாய்ப்புடையது. பரவிய நிலையில் உலோக ஸ்டென்ட் வழியே பித்தநீரை வடித்து அரிப்பையும் தொற்றையும் தணிப்பதும், வேதிமருந்துச் சிகிச்சையும் வழிகளாகும்.

5.5 பச்சிளங்குழந்தையின் பித்தநாளக் குறைபாடு

பிறந்த சில நாட்களில் குழந்தைக்கு வரும் மஞ்சள் பெரும்பாலும் இயல்பானது. இளவெயிலில் காட்டும் வழக்கம் இதனை ஒட்டியே அமைந்தது. ஆனால் நிறைமாதக் குழந்தைக்கு 14 நாட்களைக் கடந்தும் காமாலை நீடித்தால், அதிலும் மலம் வெளிறியிருந்தால், நேரடிப் பிலிருபினை உடனே அளந்தறிய வேண்டும். கல்லீரலுக்கு வெளியேயுள்ள பித்தநாளங்கள் அழிந்து மூடிக்கொள்ளும் குறைபாடு இருக்கக்கூடும். ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் உருவாக்கிய அறுவைமுறை, கல்லீரலின் வாயிலோடு குடலை நேரே இணைத்துப் பித்தநீருக்கு வழிசெய்கிறது. ஏறத்தாழ 60 நாள் வயதிற்குள் செய்யும்போது இது பயன்தரும் வாய்ப்பு மிகுதி. பிந்தும்போது கல்லீரல் இறுகி, மாற்றுக் கல்லீரலே வழியாகிவிடுகிறது. வெயிலில் காட்டியும் மருந்து கொடுத்தும் கழியும் ஒவ்வொரு வாரமும் இந்த 60 நாளிலிருந்தே கழிகிறது.

6. காலத்தாழ்வு எவ்வாறு நேர்கிறது?

நாட்டு மருந்தால் காமாலை தீர்ந்தது என்னும் அனுபவக்கூற்று பொய்யன்று. அதன் விளக்கமே ஆராயத்தக்கது. ஹெபடைடிஸ் ஏ வைரசால் வரும் காமாலை பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணிகிறது. ஹெபடைடிஸ் ஈ வகையும் அவ்வாறே. கருவுற்ற பெண்களுக்கு மட்டும் அது பேரிடராகலாம். இக்காலத்தில் உண்ட மருந்துக்குக் குணமளித்த பெருமை சேர்கிறது. அவ்வனுபவம் அடைப்புக் காமாலைக்கும் பொதுமையாக்கப்படுகிறது.

மற்றொரு காரணம் மேலும் நுட்பமானது. பித்தநாளக் கல் ஓரிடத்தில் நிலையாக நில்லாமல் மிதந்து, சிலபோது அடைத்தும் சிலபோது விலகியும் இருக்கலாம். அதனால் காமாலை ஏறியும் இறங்கியும் தோன்றும். நாள வாயிலில் எழும் புற்றின் மேற்பகுதி உதிரும்போதும் காமாலை தற்காலிகமாகக் குறையக்கூடும். இறங்குகாலத்தில் உட்கொண்ட மருந்து பலித்ததாகவே தோன்றும். நோயோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

கீழாநெல்லி பற்றிய ஆய்வு வரலாறும் இங்குக் கருதத்தக்கது. சென்னையில் எஸ்.பி. தியாகராஜனும் உடனாய்வாளரும் ஹெபடைடிஸ் பி வைரசைச் சுமப்போரிடம் இதனை ஆய்ந்து, நம்பிக்கையளிக்கும் முடிவை 1988இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். பின்னர்ப் பிறர் செய்த ஆய்வுகள் அம்முடிவை ஒருசீராக உறுதிப்படுத்தவில்லை. எவ்வாறாயினும் அவ்வாய்வின் பொருள் வைரசு, பித்தநாள அடைப்பன்று. மூலிகையின் ஆற்றலை முழுதும் ஏற்றுக்கொண்டாலும், குழாயில் சிக்கிய கல்லை அது அகற்றும் என்பதற்கு அவ்வாய்வு சான்றாகாது. நவீன மருந்துக்கும் இது பொருந்தும். நுண்ணுயிர்க்கொல்லி மட்டும் கொடுத்து வடிகாலைத் தள்ளிப்போடுவதும் இதே பிழையே.

7. கலைச்சொல் நோக்கில் சில பரிந்துரைகள்

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். அம்மரபின் வழிவந்த அறிவியல் தமிழுக்கு இந்நோய்கள் தொடர்பாகச் சில கடமைகள் உள்ளன.

முதலாவது, பாடநூல்களும் நலவாழ்வுத் துண்டறிக்கைகளும் ‘மஞ்சள் காமாலை நோய்’ என்னும் தொடரைத் தவிர்த்து, ‘காமாலை என்னும் அறிகுறி’ என எழுதலாம். இரண்டாவது, ‘அடைப்புக் காமாலை’ என்னும் தொடரைப் பொதுவழக்காக்கலாம். பெயரிலேயே காரணத்தைத் தாங்கிய இச்சொல், கேட்பவரை ‘எங்கே அடைப்பு’ என்று வினவச் செய்யும். மூன்றாவது, நீர்மத்தைக் குறிக்கும் இடங்களில் ‘பித்தம்’ என்று மட்டும் எழுதாமல் ‘பித்தநீர்’ என்றே எழுதலாம். சித்த மருத்துவத் தத்துவத்திற்குப் ‘பித்தம்’ என்னும் சொல்லை விட்டுவைக்கலாம். இதனால் இரு மரபுகளும் ஒன்றையொன்று திரிக்காமல் தத்தம் பொருளில் வழங்கும். நான்காவது, மலத்தின் நிறம், சிறுநீரின் நிறம், அரிப்பு ஆகியவற்றைக் கூச்சமின்றிக் கேட்கும் எளிய வினாக்களை ஊரக நலப்பணியாளர் கையேடுகளில் தமிழில் சேர்க்கலாம்.

முடிவுரை

பித்தப்பை, பித்தநாள நோய்களில் கண்டறிதல் சிகிச்சைக்கு முந்தைய சடங்கன்று. சிகிச்சையின் திசையையே அது தீர்மானிக்கிறது. பித்தப்பையில் அமைதியாக இருக்கும் கல்லுக்கு அவசரம் வேண்டாம். பித்தநாளத்தை அடைத்த கல்லுக்குத் தாமதம் கூடாது. வலியில்லாத காமாலையும், காய்ச்சலோடு கூடிய காமாலையும், இரண்டு வாரங்களைக் கடந்த குழந்தையின் காமாலையும் உடனே ஆராயப்பட வேண்டியவை. இம்மூன்றிலும் முதல் விடையை ஓர் எளிய ஸ்கேனும் குருதிப் பரிசோதனையும் பெரும்பாலும் தந்துவிடும். அப்பரிசோதனையை நோக்கி நோயாளியை அனுப்புவது மருத்துவர் மட்டுமல்லர். வீட்டிலும் ஊரிலும் வழங்கும் சொற்களும் அனுப்புகின்றன, அல்லது தடுக்கின்றன. அச்சொற்களைத் திருத்தமுறச் செய்தல் தமிழாய்வின் பணிகளுள் ஒன்றெனக் கொள்ளலாம்.